தொடர்பில் இல்லை: ஜங்புரா மாணவன் ஒருவனும் அவன் அப்பாவின் நம்பரும்

2021 ஜூலை முதல் வாரத்தில் தெற்கு டெல்லிப் பள்ளி ஒன்றின் தமிழ் ஆசிரியை எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். ஆன்லைன் வகுப்புக்கு வராத பிள்ளைகள் 11 பேர். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரே குறிப்பு: ‘தொடர்பில் இல்லை’. ஜங்புரா வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய குழுவில் அப்போது நான் சமூகப் பணியாளராக இருந்தேன். வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரமுடியுமா என்று ஆசிரியை கேட்டிருந்தார்.

பட்டியலில் ஏழாவதாக இருந்தவனைப் பற்றியது இந்த ஆய்வு. பத்தாம் வகுப்பு, வயது 15. இங்கே அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அவனும் அவன் அம்மாவும் எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் தவறாகக் கணித்த இடங்களை மட்டும் மாற்றவில்லை.

குடும்பம்

சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா 17 வயதில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லிக்கு வந்தவர். கிளீனராகத் தொடங்கி, பிறகு ஒரு வீட்டுக்குச் சொந்தக் கார் டிரைவராக ஆனார். அம்மா, கோட்டி என்று இவர்கள் சொல்லும் பெரிய வீடுகளில் நான்கில் பாத்திரம் கழுவி, தரை துடைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு அடுத்து ஒரு தங்கை. 2020-இல் நான்காம் வகுப்பு. பாராபுலா சாக்கடையை ஒட்டிய மதராசி கேம்ப்பில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. அந்தக் குடியிருப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள். நான் ஏறி இறங்கிய அந்தச் சந்து இன்று இல்லை.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் இரண்டு சம்பளமும் ஒன்றாக நின்றன. கோட்டிகள் இருந்த காலனிகளில் வேலைக்காரர்களை உள்ளே விடவேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். நான்கு வீடுகளில் இரண்டு வீட்டார் ஏப்ரல் சம்பளம் கொடுத்தார்கள். மே மாதம் யாரும் கொடுக்கவில்லை. டெல்லி அரசு அப்போது கொடுத்த 5,000 ரூபாய், பதிவு செய்த கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ, டாக்ஸி போன்ற பொது வண்டி ஓட்டும் பேட்ஜ் உள்ளவர்களுக்கும்தான். வீட்டுக்கார் ஓட்டுபவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. குடும்ப அட்டை ஊரில் இருந்ததால் கூப்பன் எடுத்து, ஆளுக்கு நான்கு கிலோ கோதுமையும் ஒரு கிலோ அரிசியும் வாங்கினார்கள். ‘ஒரு கிலோ அரிசிய வச்சிக்கிட்டு மாசம் பூரா என்னக்கா பண்றது? புள்ளைங்க சோறு சோறுன்னு கேக்குதுங்க’ என்று அம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். அந்த நாட்களைப் பற்றி அவர் குறை என்று சொன்னது அந்த ஒன்றுதான்.

ஒன்பதரை மணி

அந்த வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று, அப்பாவுடையது. அம்மாவிடம் பட்டன் போன். பள்ளிப் பதிவேட்டிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அப்பாவின் எண்தான் இருந்தது. அவர் வேலையில்லாமல் வீட்டிலிருந்த வரை தம்பி அந்தப் போனில் நேரலை வகுப்பு பார்த்தான். 2020 செப்டம்பரில் பழைய முதலாளி, சம்பளத்தைக் குறைத்துத் திரும்பக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கெல்லாம் அப்பாவோடு போனும் கிளம்பிவிடும். வகுப்பு நடக்கும் நேரத்தில் அது காரின் டேஷ்போர்டில் இருக்கும்.

அப்பா திரும்பிவர இரவு ஒன்பது ஆகும். சாப்பிட்டதும், ஒன்பதரைக்கு, இருவரும் கட்டிலில் உட்காருவார்கள். அன்றைக்குக் குழுவில் வந்த நோட்ஸ் படங்கள் முப்பது, நாற்பது இருக்கும். அப்பா போனைக் கையில் பிடித்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பெரிதாக்கிக் காட்ட, தம்பி நோட்டில் எழுதுவான். அப்பா எட்டாவதோடு நிறுத்தியவர். இங்கிலீஷ் வரிகள் அவருக்கு ஓடாது. ஆனால் மகன் எழுதி முடித்தானா என்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படத்துக்குத் தள்ளுவார். தினசரி ஒன்றரை ஜிபி தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட். இப்படி ஐந்து மாதம்.

இந்த ஒன்பதரை மணியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஆய்வில் பாதிக்கு அவசியமே வந்திருக்காது.

2021 பிப்ரவரி 5 அன்று டெல்லியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. இரண்டு மாதம் நேரில் போனான். ஏப்ரல் 9-இல் மறுபடியும் மூடினார்கள்.

ஏப்ரல்

அந்த மாதம் டெல்லியில் இருந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. 20-ஆம் தேதி ஒரே நாளில் 28,395 பேருக்குத் தொற்று. அதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு நகரம் மறுபடி ஊரடங்குக்குள் போயிருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் 18-ஆம் தேதி வந்தது. ரசம் வாசனையே தெரியவில்லை என்று 20-ஆம் தேதி சொன்னார். மறுநாள் வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று பரிசோதனை கொடுத்தார். முடிவு அவர் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றார்கள்.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், சந்தில் ஒரே ஒன்று வீடுவீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 23-ஆம் தேதி இரவு 91. மறுநாள் காலை 86. பக்கத்து வீட்டு மாமா ஆட்டோவில் ஏற்றி மூன்று மருத்துவமனை வாசல்களுக்குக் கொண்டுபோனார். மூன்றாவதில், இரவு பதினொன்றுக்கு இடம் கிடைத்தது. போனோடும் சார்ஜரோடும் அப்பா உள்ளே போனார். வார்டில் பிளக் கிடைப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது. தினமும் ஒருமுறை அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவார்.

27-ஆம் தேதி இரவு அவர் கூப்பிட்டபோது எடுத்தது தம்பி. மூச்சு வாங்கியபடி பேசினாராம். ‘சார்ஜ் போவுதுடா, காலைல பேசறேன்’ என்றார். அழைப்பு துண்டித்தது. 28-ஆம் தேதி விடியற்காலை இறந்துபோனார்.

தகனம் சராய் காலே கானில். இடம் போதாமல் பக்கத்துப் பூங்காவிலும் சிதை மேடை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அம்மாவும் பக்கத்து வீட்டு மாமாவும் போனார்கள். சிறுவனை உள்ளே விடமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டு மாமா. மகன் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தான். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் இல்லை. உடல் மூட்டையாகக் கட்டித்தான் வந்தது.

மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் கவரில் ஒரு பெல்ட்டும் வாட்சும் இருந்தன. போன் இல்லை. யாரைக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை.

ஏழாவது பெயர்

அந்த ஆண்டு டெல்லியில் கோடை விடுமுறையை முன்னால் தள்ளி ஏப்ரல் 20-இலேயே விட்டுவிட்டார்கள். அதனால் இந்த மரணம் பள்ளிக்குத் தெரியாமலே போயிற்று. வகுப்பு மறுபடி தொடங்கியதும் ஆசிரியர்கள் பதிவேட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். குழுவில் அனுப்பியவை எதையும் அந்த எண் திறந்து பார்க்கவில்லை. ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதினார்கள்.

நான் ஜூலையில் போனபோது அம்மா விஷயத்தைச் சொன்னார். தம்பி கட்டிலின் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வருத்தம் தெரிவித்தேன். போன் இல்லாததுதான் சிக்கல் என்று அங்கேயே முடிவு கட்டினேன். எங்கள் குழுவுக்கு நன்கொடையாக வந்த ஸ்மார்ட்போன் ஒன்றைப் பத்து நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புது சிம் போட்டு, அம்மா பெயரில் வகுப்புக் குழுவில் சேர்த்தோம். முதல் முறையாக அவனுக்குப் பகல் வகுப்பு முழுதாகக் கிடைக்கப்போகிறது என்று நினைத்து மகிழ்ந்தேன்.

அவன் ஒருநாளும் அதைத் திறக்கவில்லை. போன் அலமாரியில் பெட்டியோடு இருந்தது. மூன்று முறை போய்ப் பேசினேன். ‘அப்பா இருந்தா உன்னைப் படின்னுதானே சொல்லியிருப்பாரு’ என்றுகூடச் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜூலை கடைசியில் என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சாதனம் உண்டு, இணையம் உண்டு, ஆர்வமில்லை.’

ஊரிலிருந்து பாட்டி ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 9, 10, 11 மூன்று வகுப்புக்கும் ஆல் பாஸ் அறிவித்திருந்தார்கள். ‘இங்க வந்தா பாஸ் போட்டுடுவாங்க, அங்க என்னாத்துக்குக் கெடந்து கஷ்டப்படறீங்க’ என்று மாமியார் போனில் சொல்ல, அம்மா பதில் சொல்லத் தெரியாமல் வைத்துவிடுவார். ஊருக்குப் போனால் நான்கு வீட்டு வேலையும் போய்விடும். போகாவிட்டால் பிள்ளை இப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

சிம்

பணத்துக்கான வேலைகளை நான் கையில் எடுத்திருந்தேன். 2021 ஜூலை 6-இல் டெல்லி அரசு கோவிட் குடும்ப நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. ஒருமுறை 50,000 ரூபாய், கணவரை இழந்த மனைவிக்கு மாதம் 2,500. தொற்று உறுதியான சான்று வேண்டும். மருத்துவமனைத் தாளில் ‘சந்தேகத்துக்குரிய கோவிட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. உறுதிசெய்த முடிவு அப்பாவின் எண்ணுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸில். அவருடைய வங்கிக் கணக்கில் மீதியிருந்த பணத்தை எடுக்கவும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போனது. எப்படிச் சுற்றிப் போனாலும் அந்தப் பத்து இலக்கத்திலேயே வந்து முட்டியது.

இறப்புச் சான்றும் அம்மாவின் ஆதாரும் வைத்து, எண்ணை அம்மா பெயருக்கு மாற்றி டூப்ளிகேட் சிம் வாங்க நான்கு வாரம் அலைந்தோம். கடைக்காரர் சிஸ்டத்தில் பார்த்துவிட்டு, எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, யாரோ ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். அம்மா தலை குனிந்துகொண்டார். ஜூனில் வேலைக்குத் திரும்பியதும் வாங்கிய முதல் சம்பளத்திலேயே போட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ‘நம்பரும் செத்துடக் கூடாதுன்னு போட்டேங்க்கா.’

ஆகஸ்ட் 19 மாலை சிம் கிடைத்தது. அலமாரியில் சும்மா கிடந்த அந்த ஸ்மார்ட்போனில் போட்டேன். எண்ணுக்கு உயிர் வந்தது. வேலை முடிந்த நிம்மதியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு ஒன்பதரைக்கு அந்தப் போன் அடித்தது.

அடித்தவன் தம்பி. அம்மாவின் பட்டன் போனை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறான். மூன்றரை மாதமாக ஒவ்வொரு இரவும் அதே நேரத்துக்கு அவன் அந்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்விட்ச் ஆஃப் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்லும் குரலைக் கேட்டுவிட்டு வந்து படுப்பான். சார்ஜ் போய்விட்டது, காலையில் பேசுகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். போன் அணைந்திருந்தவரை அந்தச் சொல் இன்னும் பொய்யாகவில்லை. இணைப்பு கிடைக்காத அழைப்புக்குக் காசு போகாது என்பதால் அம்மாவுக்கும் தெரியவில்லை.

இப்போது ரிங் போனது. அவனுக்கு முதுகுப்பக்கம், அலமாரியில், அம்மா கைக்கெட்டும் தூரத்தில் அடித்தது.

உள்ளே வந்து போனை எடுத்து, பின்மூடியைப் பிரித்து, சிம்மைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். ‘யாரு ஆன் பண்ணச் சொன்னது?’ என்று ஒரே முறை கத்தினான். அதற்குப் பிறகு, ஏப்ரலிலிருந்து அழாதவன், விடியும்வரை அழுதான். காலை ஆறு மணிக்கு அம்மா எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தபோதும் கை மூடியே இருந்தது. பட்டன் போனில் வெளியே போன அழைப்புகளின் வரிசையைத் திறந்தேன். கோட்டி எண்களுக்கு நடுவே நாள் தவறாமல் ஒரு பெயர்: அப்பா, 9.30. அப்பா, 9.31. அப்பா, 9.30.

மறு கணிப்பு

என் குறிப்பேட்டில் இருந்த ‘ஆர்வமில்லை’யை அன்றே அடித்தேன். அவன் வகுப்பை வெறுக்கவில்லை. வகுப்பு என்றால் அவனுக்கு அப்பா போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது. அந்த இடத்தில் நான் வேறொரு போனைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். குழுவைத் திறந்தால் உறுப்பினர் வரிசையில் அப்பாவின் எண்ணும் படமும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது.

தொற்றுக்காலக் கல்வி என்று பேச்செடுத்தாலே நாம் எல்லாரும் போன், டேட்டா, சிக்னல் என்று எண்ணினோம். அவை இல்லாத பிள்ளைகள் ஏராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணிக்கைக்கு எளிதாக வந்ததால், எல்லா மௌனத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதினோம். வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று கேட்க அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. ஆசிரியையும் நானும் 11 பேரையும் மறுபடி விசாரித்தபோது இன்னும் இரண்டு வீடுகளில் சாவு நடந்திருந்தது. ஒன்றில் பாட்டி, இன்னொன்றில் அம்மா.

படிப்புப் பேச்சை இரண்டு வாரம் முழுதாக நிறுத்தினோம். அதன்பின் ஆசிரியை ஒரு காரியம் செய்தார். எந்தப் பயிற்சியிலும் அதைச் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள். இரவு ஒன்பதரைக்கு அம்மாவின் பட்டன் போனுக்கு அவரே கூப்பிட்டார். அன்றைய பாடத்திலிருந்து பத்து வரி வாசிப்பார், அவன் எழுதவேண்டும். முதல் வாரம் ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இரண்டாம் வாரம் ‘மிஸ், மெதுவா’ என்றான். தன் வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை ஏழு வாரம் இதைச் செய்தார்.

கணக்கில் வந்ததும் வராததும்

மீண்டும் கிடைத்த அந்த எண்ணின் துணையோடு பரிசோதனை முடிவை எடுத்தோம். 2021 செப்டம்பர் 3-இல் வந்த மத்திய வழிகாட்டுதல், தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் நேர்ந்த மரணத்தைக் கோவிட் மரணமாகவே கொள்ளவேண்டும் என்றது. அது பெரிய துணை. உச்ச நீதிமன்றத்தின் ஜூன் 30 தீர்ப்பைத் தொடர்ந்து வந்த மத்திய 50,000 ரூபாய்க்கும் மனு போட்டோம். மாதம் 2,500 நவம்பரில் வரத் தொடங்கியது.

வராதவையும் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மத்திய அரசு அறிவித்த 10 லட்ச ரூபாய் நிதி, ஒருவரை மட்டும் இழந்தவனுக்கு இல்லை. சிபிஎஸ்இ 2022 பொதுத்தேர்வுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததும் அப்படித்தான். விதியை அம்மாவுக்கு விளக்கினேன். ‘அவுரு ஒருத்தர்தானே போனாரு, அதான் கணக்குல வரல’ என்று மெதுவாகச் சொன்னார். சம்பாதித்தவர் போன வீட்டில் மிஞ்சியிருப்பவரின் சம்பளம் என்ன என்று எந்த விண்ணப்பத்திலும் கேட்கவில்லை. இது திருத்தப்படவேண்டிய விதி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பதினாறாம் நாள்

ஒரு நாள் தம்பி தானாகவே கேட்டான்: ‘கொள்ளி வெக்காதவன் மொட்ட போடலாமா மிஸ்?’ ஏப்ரலில் பால் தெளிப்பும் நடக்கவில்லை, பதினாறாம் நாள் காரியமும் நடக்கவில்லை. ஊரிலிருந்து யாரும் வரமுடியவில்லை. சாம்பலைக்கூடப் பக்கத்து வீட்டு மாமாதான் வாங்கி யமுனையில் கரைத்திருந்தார். சந்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். தவறிப்போன காரியத்தை மகாளய அமாவாசையில் செய்யலாம் என்றார்.

அக்டோபர் 6. யமுனைக் கரையில் தம்பிக்கு மொட்டை போட்டார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பாட்டி வீடியோ காலில் ஒப்பாரி வைத்தார்; அந்த ஒப்பாரி முடியும்வரை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பிதான். செப்டம்பர் 1-இலேயே ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்திருந்தது. அதுவரை போகாதவன் அக்டோபர் 8 அன்று மொட்டைத் தலையோடு போனான். வகுப்பில் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தலையைப் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள்.

தங்கை

எங்கள் கவனம் முழுதும் தம்பி மேலேயே இருந்தது. தங்கை சிரித்துக்கொண்டே வளையவந்ததால் அவள் நலம் என்று வைத்துக்கொண்டோம். நவம்பரில்தான் அவள் வகுப்பு திறந்தது. ஒன்றரை வருடம் கழித்துப் புத்தகத்தை விரித்தவளுக்கு ளகரமும் ழகரமும் மறந்திருந்தன. இந்தி எழுத்துகளிலும் பாதி போயிருந்தது.

அதைவிட இன்னொன்று. அம்மா சொன்னபோது சாதாரணமாகச் சொன்னார். இரவில் தூங்கும் முன் துணிக்கு மாட்டும் கிளிப்பை எடுத்து அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டுவாளாம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ‘தொண்ணூத்தெட்டு’ என்று சொல்லிக் கழற்றுவாள். அதற்குப் பிறகுதான் படுப்பாள். அவளுக்காகத் தனியே வாரம் இரண்டு நாள் உட்காரத் தொடங்கியபோது டிசம்பர் ஆகிவிட்டது. தாமதம் என்னுடையது.

பிறகு

2021-22-இல் சிபிஎஸ்இ தேர்வை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் பருவத் தேர்வு நவம்பரில் தொடங்கியது. விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தை நிரப்பும் தேர்வு. எழுதினான், மதிப்பெண் குறைவு. நடுவில் காற்று மாசுக்காகவும் ஒமிக்ரானுக்காகவும் பள்ளி மறுபடி மறுபடி மூடியது. அப்போதெல்லாம் தானே அந்த ஸ்மார்ட்போனை எடுத்து வகுப்பில் உட்கார்ந்தான். இரண்டாம் பருவத் தேர்வு 2022 ஏப்ரல் 26-இல் தொடங்கியது. அப்பாவின் முதல் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால். அந்த வாரம் தூங்கவில்லை என்று சொன்னான். தேர்வுக்குப் போகாமல் இருக்கவில்லை.

ஜூலை 22 அன்று முடிவு வந்தது. மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் எடுக்கவேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன். பதிவான எண் பழைய எண்தான். ஓடிபி அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனுக்கு வந்தது. அப்பாவின் சிம் இப்போது அதில்தான் இருக்கிறது. அம்மா ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசிக்க, தம்பி அடித்தான். கணக்கில் 61, தமிழில் 88.

அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வது இப்போது அவன் பொறுப்பு. 28 நாளுக்கு ஒருமுறை, பேக் முடிவதற்கு ஒரு நாள் முன்பே போட்டுவிடுகிறான். அவனுடைய போனில் அது என்ன பெயரில் இருந்ததோ அதே பெயரில்தான் இருக்கிறது. அம்மா வேலையிலிருந்து கூப்பிட்டால் திரையில் ‘அப்பா’ என்று வரும். எடுத்து, ‘சொல்லும்மா’ என்பான்.